உரிமம் பெற்ற சிரிப்பு: பாலக்காட்டுக் கார்ட்டூனிஸ்டுகளும் இலக்கிய மேடையும்

இந்தியப் பத்திரிகை உலகுக்குப் பாலக்காடு மாவட்டம் மூன்று முக்கியமான அரசியல் கார்ட்டூனிஸ்டுகளைக் கொடுத்திருக்கிறது. ஒற்றப்பாலத்தில் 1921-இல் பிறந்த பி.கே.எஸ்.குட்டி, விளையன்சாத்தனூரில் 1930-இல் பிறந்த ஓ.வி.விஜயன், எலப்புள்ளியில் 1954-இல் பிறந்த இ.பி.உண்ணி ஆகியோர் அவர்கள். மூவரும் பேரெடுத்தது சொந்த ஊரிலிருந்து வெகுதூரத்தில், தாய்மொழி அல்லாத பத்திரிகைகளில். லக்னோவின் ‘நேஷனல் ஹெரால்’டில் தொழிலைத் தொடங்கிய குட்டி, பிற்காலத்தில் வங்காள வாசகர்களின் செல்லப்பிள்ளை ஆனார். அவருக்கு வங்காளம் தெரியாது. படத்துக்கான வசனத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருவார், அலுவலகத்தில் மொழிபெயர்த்துக்கொள்வார்கள். விஜயன் டெல்லியில் ‘சங்கர்ஸ் வீக்லி’, ‘பேட்ரியட்’, ‘ஸ்டேட்ஸ்மன்’ என ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு வரைந்தார். உண்ணியின் முதல் கார்ட்டூன் 1973-இல் ‘சங்கர்ஸ் வீக்லி’யில் வந்தது. 1977-இல் ‘தி இந்து’வில் சேர்ந்தவர், 1996 முதல் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ஸின் அரசியல் கார்ட்டூனிஸ்ட்.

ஊரைவிட்டுப் போன இந்தக் கலைக்கு இப்போது ஊரில் மேடை போடுகிறார்கள். 2016-இல் கோழிக்கோட்டுக் கடற்கரையில் கேரள இலக்கிய விழா தொடங்கியபின் அம்மாநிலத்தில் இலக்கிய விழாக்கள் பெருகிவிட்டன. பாலக்காட்டுக்கு அருகே தஸ்ராக்கில் விஜயனுக்கு நினைவகம் இருக்கிறது. நாவலாசிரியராகவே பெரும்பாலோர் அறிந்த அவருடைய கார்ட்டூன்களும் அங்கே சுவரில் இருக்கின்றன. மூத்த கார்ட்டூனிஸ்ட் ஒருவரை அழைத்துவந்து பேசவைப்பது இத்தகைய கூட்டங்களில் வழக்கமாகிவிட்டது. விஜயனைப் பற்றித் தொடர்ந்து எழுதியும் பேசியும் வருபவர்களில் உண்ணியும் ஒருவர். எந்த மூத்தவர் மேடையேறினாலும் நெருக்கடிநிலைக் காலத்துத் தணிக்கைக் கதைகள் உறுதியாக வரும். திரையில் பழைய படங்கள் ஓடும். கூட்டம் சிரிக்கும், கைதட்டும்.

அந்தச் சிரிப்புக்கு இன்று ஆபத்து ஒன்றுமில்லை. வரையப்பட்டவர்கள் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள். அந்தப் படங்கள் வெளியான காலையில் அவற்றைப் பார்த்துச் சிரிப்பதற்கு யார் அனுமதி தந்தார்கள், எதுவரை தந்தார்கள் என்பதுதான் ஆராய வேண்டிய விஷயம். அங்கதம் ஆட்சியை எதிர்க்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். வரலாற்றைப் பார்த்தால் அங்கதக்காரன் பெரும்பாலும் யாரோ ஒரு பெரியவரின் நிழலில் நின்றுதான் சிரித்திருக்கிறான். பாலக்காட்டின் கதையை முன்வைத்து இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்: அந்த நிழல் விலகிய பிறகும் சிரிப்பதற்கு ஒரு வடிவம் தேடியவர் விஜயன். அவருடைய கார்ட்டூனும் நாவலும் ஒரே தேடலின் இரு பகுதிகள்.

கோயில் தந்த உரிமம்

பாலக்காட்டுக்கு அங்கதம் டெல்லியிலிருந்து வந்த சரக்கு அல்ல. துள்ளல் கலையை உருவாக்கிய குஞ்சன் நம்பியார் பிறந்த கிள்ளிக்குறிச்சிமங்கலம், ஒற்றப்பாலத்தை அடுத்த லக்கிடியில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர். கோயில் கூத்தம்பலத்தில் சாக்கியார் கூத்து நடக்கும்போது மிழாவு என்னும் முழவை வாசிப்பது நம்பியார்களின் வேலை. ஒருநாள் வாசிப்பில் தவறு நேர, சாக்கியார் மேடையிலிருந்தே கேலி செய்தாராம். அந்த அவமானத்துக்குப் பதிலாக மறுநாளே, அதே இடத்தில், துள்ளலை ஆடிக்காட்டி, சாக்கியாரின் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார் நம்பியார் என்பது செவிவழிக் கதை.

கதை உண்மையோ இல்லையோ, அதற்குள் இருக்கும் ஏற்பாடு உண்மை. கூத்தம்பலத்தில் சாக்கியார் யாரையும் கேலி செய்யலாம். எதிரில் அரசரே உட்கார்ந்திருந்தாலும் அவரையும் இழுக்கலாம். கேட்பவர் எதிர்வாதம் செய்யக்கூடாது, குறுக்கே பேசினால் சாக்கியார் தலைப்பாகையைக் கழற்றிவைத்துவிட்டு ஆட்டத்தை முடித்துக்கொள்வார் என்பார்கள். இவ்வளவு பெரிய சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது கோயிலால், மரபால், சாதியால். கூத்தம்பலத்துக்குள் நுழைய முடியாதவர்களுக்கு அந்தச் சிரிப்பில் பங்கு கிடையாது.

நம்பியார் செய்தது அந்தச் சிரிப்பைக் கூத்தம்பலத்துக்கு வெளியே கொண்டுவந்தது. சமஸ்கிருதம் தெரியாதவர்களுக்கும் புரியும் மலையாளத்தில் பாடினார். புராணக் கதாபாத்திரங்களைக் கேரளத்து நாயர்களாகவும் நம்பூதிரிகளாகவும் ஊர்க் காவலர்களாகவும் ஆக்கினார். ஆனாலும் அவருக்கும் புரவலர் தேவைப்பட்டார்கள்: முதலில் அம்பலப்புழையை ஆண்ட செம்பகச்சேரி அரசர், பிறகு திருவிதாங்கூர் அரசவை. இருபதாம் நூற்றாண்டின் பாலக்காட்டுக் கார்ட்டூனிஸ்டுகளை நம்பியாரின் நேர் வாரிசுகள் என்று சொல்வது மிகை. அவர்கள் வரையக் கற்றுக்கொண்டது டேவிட் லோ போன்ற பிரிட்டிஷ் பத்திரிகைக் கலைஞர்களைப் பார்த்து. ஆனால் பெரியவர்களைப் பார்த்துச் சிரிப்பதைக் கலையாக ஏற்றுக்கொண்ட வாசகர்கள் அந்த மண்ணில் முன்பே இருந்தார்கள். அந்தச் சிரிப்புக்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்ற வழக்கமும் முன்பே இருந்தது.

நேரு தந்த உரிமம்

கேரளத்துக் கார்ட்டூனிஸ்டுகள் டெல்லியில் குவிந்ததற்குக் காரணம் ஒரே மனிதர்: 1902-இல் காயங்குளத்தில் பிறந்த கே.சங்கரப்பிள்ளை. 1948-இல் ‘சங்கர்ஸ் வீக்லி’யைத் தொடங்கினார். தொடங்கிவைத்த பிரதமர் நேரு, தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று சங்கரிடம் சொன்னது இந்தியக் கார்ட்டூன் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. சங்கரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார், நேருவை அவர் வரையாத கோலம் இல்லை.

இந்தச் செய்தியை நேருவின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே எல்லோரும் சொல்கிறார்கள். பெருந்தன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பெருந்தன்மை கொடுப்பவர் கையில் இருப்பது. குட்டி சங்கரிடம் பயிற்சி பெற்றவர். ‘நேஷனல் ஹெரால்டு’ நேரு தொடங்கிய நாளிதழ். மாவேலிக்கரைக்காரரான அபு ஆபிரகாம் லண்டனில் ‘அப்சர்வர்’, ‘கார்டியன்’ இரண்டிலும் வரைந்துவிட்டு 1969-இல் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ஸுக்கு வந்தார். 1972-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அந்தத் தலைமுறை கார்ட்டூனிஸ்ட் ஆட்சியாளர்களோடு ஒரே மேசையில் தேநீர் குடித்தார். மறுநாள் காலை அவர்களைக் கிண்டலும் செய்தார். இரு தரப்புக்கும் இதில் சங்கடம் இருக்கவில்லை.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை வந்தது. ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு ‘சங்கர்ஸ் வீக்லி’ நின்றது. சர்வாதிகாரத்தால் சிரிப்பைத் தாங்க முடியாது என்ற பொருள்பட ஒரு விடைபெறும் தலையங்கத்தைச் சங்கர் எழுதினார். மேடைகளில் இந்த அளவுக்குச் சொல்வார்கள். அதற்கடுத்த ஆண்டே, நெருக்கடிநிலை நீடித்தபோதே, அதே அரசு அவருக்குப் பத்மவிபூஷண் வழங்கியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இதில் சங்கரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆட்சிக்கும் உரிமம் பெற்ற அங்கதத்துக்கும் இடையிலான உறவை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டிவிடாது. கையில் தூரிகையோடு இருக்கும் கார்ட்டூனிஸ்ட் ஆட்சிக்குத் தொல்லை. பத்திரிகை நின்றபிறகு அதே ஆள் தேசத்தின் பெருமை. இலக்கிய மேடைகளில் இன்று நடப்பதும் பலசமயம் இதன் சிறு பதிப்புதான்.

தணிக்கைக்குள் இருந்துகொண்டே செய்ய முடிந்ததற்கு அபுவின் ஒரு படம் சாட்சி. 1975 டிசம்பர் 10-ஆம் தேதி ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ஸில் வந்தது. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல்தொட்டியில் கிடந்தபடி அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டுக் கதவுக்கு வெளியே நீட்டுகிறார். இன்னும் ஏதாவது இருந்தால் காத்திருக்கச் சொல்லுங்கள் என்கிறார். அந்த ஆண்டுகளின் அரசியல் சட்ட நிலையை அரைப் பக்கத் தலையங்கத்தால் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. வரைந்தவர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உரிமத்தின் கடைசி எல்லைவரை போய் நின்ற படம் அது.

சாட்டை யார் மேல்?

உரிமம் பெற்ற சிரிப்புக்கு வேறொரு முகமும் உண்டு. 1949 ஆகஸ்டில் சங்கர் வரைந்த படத்தில் அரசியல் சட்டம் என்னும் நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையோடு நிற்கிறார். 2006-இல் என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் இந்தப் படம் சேர்க்கப்பட்டது. 2012-இல் தொல்.திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார். அவை கொந்தளித்தது, பாடநூல் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். புனேயில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. சில வாரங்களிலேயே தமிழ்நாட்டிலிருந்து அடுத்த எதிர்ப்புக் கிளம்பியது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்த, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஆர்.கே.லக்ஷ்மணின் கார்ட்டூன் போராடிய மாணவர்களை இழிவுபடுத்துகிறது என்றார்கள். எதிரெதிர் அணியில் நின்ற கருணாநிதியும் ஜெயலலிதாவும் இதில் ஒரே குரலில் பேசினார்கள்.

ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டையும் சகிப்பின்மை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டன. விஷயம் அவ்வளவு எளிதல்ல. உன்னமதி சியாம சுந்தர் தானும் ஒரு கார்ட்டூனிஸ்ட். 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கார்ட்டூன்களைத் திரட்டி 2019-இல் நூலாக்கினார். அந்த நூலைப் புரட்டினால் ஒரு பாங்கு தெரியும். நேருவை வரையும் கோட்டில் ஒரு செல்லம் இருக்கிறது. அம்பேத்கர் சிறுத்துப்போகிறார், அழுமூஞ்சியாகிறார், சிலசமயம் பெண்ணுடையில் நிறுத்தப்படுகிறார். மேல்தட்டுக்குள் நடக்கும் விளையாட்டுச் சண்டை அம்பேத்கரிடம் வரும்போது ஏளனமாக மாறிவிடுகிறது.

பாடநூலிலிருந்து படத்தை நீக்குவது இதற்குத் தீர்வு என்று நான் நினைக்கவில்லை. மாணவர்கள் அந்தப் படத்தையும் அதன் மேலான விமரிசனத்தையும் சேர்த்துப் படிப்பதே கல்வி. ஆனால் கார்ட்டூனிஸ்ட் கேள்விக்கு அப்பாற்பட்ட தியாகி என்னும் மேடைப் பிம்பத்தை இந்தத் தொகுப்பு உடைத்துவிடுகிறது. சிரிக்க அனுமதி யாரிடமிருந்து வந்ததோ, அவர்களுடைய கண்ணோட்டமும் கூடவே வந்திருக்கிறது.

தஸ்ராக்கின் விஜயன்

விஜயனின் தந்தை மலபார் சிறப்புக் காவல் படையில் அதிகாரி. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. விக்டோரியா கல்லூரியில் பட்டம் பெற்ற விஜயன், ஆங்கில இலக்கியம் முதுகலைக்குச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1956-இல் அவருடைய சகோதரி சாந்தாவுக்குத் தஸ்ராக்கில் ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்தது. விஜயனும் அங்கே போய்த் தங்கினார். அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. பாலக்காடு சென்னையை விட்டுக் கேரளத்துக்குப் போனது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டவர்களின் கோரிக்கை நிறைவேறவில்லை. நிலத்தில் எல்லைக்கோடு விழுந்தது. பேச்சில் விழவில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இன்றும் ஒரே தெருவில் இரண்டு மொழி புழங்குகிறது.

விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ நாவல் இந்த மண்ணிலிருந்து எழுந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே வரும் காற்று, அதில் சலசலக்கும் கரும்பனைகள், தமிழ் கலந்த பேச்சுடைய ராவுத்தர் குடும்பங்கள். தமிழ் வாசகருக்கு இந்த நாவல் அந்நியமாகப் படாததற்கு இது முதற்காரணம். யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பு 2017-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றது.

முதலில் ஒரு புரட்சி நாவல் எழுதத்தான் விஜயன் நினைத்தார். அன்று கம்யூனிஸ்ட். 1956-இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் நுழைந்ததும், 1958-இல் இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டதும் அவரைக் கலைத்துப்போட்டன. அதே 1958-இல் ‘சங்கர்ஸ் வீக்லி’யில் சேர்ந்தார். ஒரு பக்கம் டெல்லியில் ஆங்கிலத்தில் கார்ட்டூன், மறுபக்கம் மலையாளத்தில் திருத்தித் திருத்தி எழுதிய நாவல். தஸ்ராக்குக்குப் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1968-இல் ‘மாத்ருபூமி’ வார இதழில் தொடராக வந்து, மறு ஆண்டு நூலானது.

நாவலைத் தத்துவச் சுமையோடு மட்டும் படிப்பவர்கள் அதில் இருக்கும் கார்ட்டூனிஸ்டைத் தவறவிடுகிறார்கள். நைஸாமலியைப் பாருங்கள். பீடித் தொழில், பிறகு தொழிற்சங்கம், முழக்கம், சிறை. திரும்பி வரும்போது, ஊரின் தொன்மப் புருஷரான சையது மியான் ஷேக்கின் பேரால் பேசும் காலியாராகிறான். புரட்சிக்காரன் பூசாரியாக மாறும் வழியை விஜயன் கண்டனம் செய்யவில்லை, விளக்கவும் இல்லை. ஒரு கோட்டில் வரைந்துவிட்டு நகர்கிறார். ஊருக்கு ஆசிரியராக வரும் நாயகன் ரவியின் பள்ளிக்கூடத்தை மூர்க்கமாக எதிர்த்த அல்லாப்பிச்சா மொல்லாக்கா, கடைசியில் அதே பள்ளியில் கடைநிலை வேலைக்காரராகிறார். இந்த முரணை மூன்று கட்டங்களில் ஒரு கார்ட்டூன் பட்டையாக வரைந்துவிடலாம். நாவலில் சிரிப்பு வந்த அடுத்த நொடி தொண்டை அடைக்கிறது. இரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதே விஜயனின் முத்திரை.

அவருடைய கார்ட்டூன்களிலும் இதே கலவை உண்டு. சங்கரின் படங்களில் ஆள் அச்சு அசலாக இருப்பார், உடையின் மடிப்புவரை தெரியும். விஜயன் முகச்சாயலைப் பொருட்படுத்தவில்லை. தடித்த தூரிகை, கறுப்புத் திட்டுகள், எண்ணிக்கையில் குறைந்த கோடுகள். கனம் முழுவதும் கீழே இருக்கும் வசனத்தில். அதுவும் பலசமயம் சிரிக்கவைக்காது, யோசிக்கவைக்கும். பார்த்தவுடன் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கும் பத்திரிகை வாசகருக்கு இது எரிச்சல் தந்தது. ‘கலாகௌமுதி’யில் மலையாளத்தில் அவர் வரைந்த ‘இத்திரி நேரம்போக்கு, இத்திரி தரிசனம்’ தொடரின் தலைப்பே அவருடைய கலையின் அளவுகோலைச் சொல்லிவிடுகிறது: கொஞ்சம் பொழுதுபோக்கு, கொஞ்சம் தரிசனம்.

உரிமம் பற்றிய கேள்விக்கு அவருடைய நேரடியான பதில் ‘தர்மபுராணம்’. நெருக்கடிநிலைக்கு முன்பே எழுதி முடித்து, 1975 ஜூலையில் ‘மலையாளநாடு’ இதழில் தொடங்குவதாக இருந்தது. ஜூன் கடைசியில் நெருக்கடிநிலை வந்ததால் நின்றது. 1977-இல்தான் தொடராக வெளிவர முடிந்தது. நூலாக 1985. தர்மபுரி நாட்டு அதிபரின் காலைக்கடனில் தொடங்குகிறது கதை. அந்த மலத்தை அரசவையே புகழ்கிறது. ஆபாசம் என்று பலர் முகம் சுளித்தார்கள்.

அந்தச் சுளிப்பைத்தான் நாவல் எதிர்பார்த்தது. நேரு காலத்துக் கார்ட்டூனை வரையப்பட்டவரே சட்டம்போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள முடியும், பலர் அப்படி மாட்டியும் கொண்டார்கள். ‘தர்மபுராண’த்தை எந்த ஆட்சியாளரும் அப்படிச் செய்ய முடியாது. புராண வேடத்தில் நிகழ்கால அதிகாரத்தை நிறுத்துவது குஞ்சன் நம்பியாரின் உத்தி. நம்பியாரின் துள்ளலை அரசர் உட்கார்ந்து ரசித்தார். விஜயன் அரசர் ரசிக்க முடியாத துள்ளலை எழுதினார். ஒற்றைக் கட்டத்துக்குள் அதைச் செய்ய முடியாது. கார்ட்டூனை வெளியிடப் பத்திரிகை முதலாளி வேண்டும், தணிக்கையாளர் வேண்டும், காலை நேரத்து நாகரிகம் வேண்டும். நாவல் அந்தக் காவல்களுக்கு வெளியே காத்திருக்கக்கூடியது. பத்தாண்டுகூடக் காத்திருந்தது.

பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் அவருடைய கையைப் பறித்துக்கொண்டது. 2005 மார்ச் 30-ஆம் தேதி ஹைதராபாத்தில் காலமானார். கார்ட்டூன்களையும் அரசியல் குறிப்புகளையும் ஒருசேரத் தொகுத்த ‘ட்ராஜிக் இடியம்’ 2006-இல்தான் வெளிவந்தது. விருதுகளும் ஆய்வுகளும் ‘குருசாகரம்’ நாவலை எழுதிய ஞானியைத் தேடிப் போயின. கார்ட்டூனிஸ்ட் பின்வரிசையில் நின்றார்.

தமிழில் நடந்தது

தமிழில் அரசியல் கார்ட்டூனின் தொடக்கம் ஒரு கவிஞன் கையில் இருந்தது. 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழின் முகப்பில் பாரதி கருத்துப்படங்களை வெளியிட்டார். அவருக்கு வரையத் தெரியாது. கருத்து அவருடையது, கோடு ஓவியருடையது, படத்துக்கு விளக்கமும் உள்ளே எழுதுவார். இதழ் 1908-இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்து, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடைபெற்று, 1910-இல் நின்றது. அந்தப் படங்களை ஆ.இரா.வேங்கடாசலபதி 1994-இல் தொகுத்துப் பதிப்பித்தார். நமக்குத் தொடக்கமே உரிமம் இல்லாத சிரிப்பு. இலங்கையில் சிவஞானசுந்தரம், ‘சிரித்திரன் சுந்தர்’ என்றே அறியப்பட்டவர், அறுபதுகளில் தொடங்கிய ‘சிரித்திரன்’ இதழில் சவாரித்தம்பர் என்னும் கார்ட்டூன் பாத்திரத்தை உலவவிட்டார். அதே பக்கங்களில் இளம் எழுத்தாளர்களையும் வளர்த்தார். கார்ட்டூனும் இலக்கியமும் ஒரே இதழில் பக்கத்துப் பக்கமாக இருப்பது தமிழுக்குப் பழக்கமானது.

தண்டனையும் பழக்கமானதுதான். 1987 மார்ச் இறுதியில் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கிண்டல் செய்யும் ஒரு துணுக்குப் படம் வந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் சட்டமன்றம் உரிமை மீறல் என்று ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் விடுதலை. 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு அடையாள இழப்பீடாக 1000 ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. 2017-இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததை ஒட்டி வரைந்த படத்துக்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். 2025 பிப்ரவரியில், பிரதமர் மோடியைக் கைவிலங்கோடு ட்ரம்ப்பின் பக்கத்தில் உட்காரவைத்த கார்ட்டூனுக்காக ‘விகடன்’ இணையதளம் முடக்கப்பட்டது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்கச் சொன்னபோதும் அந்தப் படத்தை எடுக்க வேண்டியிருந்தது. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின, கோபம் மாறவில்லை. இலங்கையில் இதற்கும் மேலே போனார்கள்: கார்ட்டூனிஸ்ட் பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரி 24 முதல் காணாமல் ஆக்கப்பட்டார்.

மேடைக்கு என்ன வேலை?

அதட்டி அடக்குவதைவிட அமைதியாக நடக்கும் இன்னொன்றும் உண்டு. பத்திரிகைகளில் கார்ட்டூனுக்கான இடம் குறைந்துவருகிறது. ஒரு படத்தால் எழுந்த சர்ச்சையை அடுத்து ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் பன்னாட்டுப் பதிப்பில் அன்றாட அரசியல் கார்ட்டூனை 2019 ஜூலையோடு நிறுத்தியது. 2023-இல் மெக்ளாட்சி நிறுவனம் புலிட்சர் பெற்ற மூன்று கார்ட்டூனிஸ்டுகளை ஒரே நாளில் வேலையைவிட்டு அனுப்பியது. 2025-இல் ‘வாஷிங்டன் போஸ்’டில் தன் படம் மறுக்கப்பட்டதால் ஆன் டெல்னஸ் வெளியேறினார். இவற்றில் எந்த அரசும் ஆணை போடவில்லை. முதலாளிகளே முந்திக்கொண்டார்கள். புரவலர் இப்போது அரசவையிலோ பிரதமர் இல்லத்திலோ இல்லை, நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்.

இந்தச் சூழலில் இலக்கிய விழா புதிய புரவலராகிறது. பக்கம் தராத காலத்தில் ஒலிவாங்கி தருகிறது. அது நல்லதுதான். ஆனால் மேடை ஏற்கெனவே பாதுகாப்பானதைத்தான் விரும்புகிறது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய குளியல்தொட்டிக்குக் கைதட்டுவது எளிது. இன்றைய குளியல்தொட்டியில் இருப்பவர் விழாவுக்கு நிதி தருபவராக இருந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி கேரளத்தில் ஒருமுறை நேரடியாகவே எழுந்தது. 2019-இல் கேரள லலிதகலா அகாதமி, பிஷப் ஃபிராங்கோ முளய்க்கல் மீதான பாலியல் வன்முறை வழக்கை வைத்து கே.கே.சுபாஷ் வரைந்த கார்ட்டூனுக்கு விருது அறிவித்தது. மலையாளக் கார்ட்டூனின் நூற்றாண்டு அது. 1919-இல் கொல்லத்து ‘விதூஷகன்’ இதழில் பஞ்சத்தைப் பற்றி வந்த ‘மகாக்ஷாமதேவதை’யை முதல் மலையாளக் கார்ட்டூனாகச் சொல்வார்கள். சுபாஷின் படம் மத அடையாளத்தை இழிவுபடுத்துகிறது என்று திருச்சபையினர் எதிர்த்தார்கள். பாலக்காடு மாவட்டம் தரூர் தொகுதியின் உறுப்பினரும் பண்பாட்டு அமைச்சருமான ஏ.கே.பாலன், முடிவை மறுபரிசீலிக்கச் சொன்னார். அகாதமி விருதைத் திரும்பப் பெறவில்லை. படம் சிறந்த படமா இல்லையா என்பது ரசனை விவாதம். அரசு நிதியில் இயங்கும் ஒரு கலை நிறுவனம் அமைச்சர் சொல்லியும் அசையவில்லை என்பது நடைமுறை. மூத்தவர்களைப் போற்றும் நூறு அமர்வுகளைவிட இந்த ஒரு மறுப்பு கார்ட்டூன் கலைக்கு அதிகம் செய்திருக்கிறது.

எனவே விழா அமைப்பாளர்கள் செய்யக்கூடியவை தெளிவாக இருக்கின்றன. மூத்த கார்ட்டூனிஸ்டை நினைவுகூரச் சொல்வதோடு நிறுத்தாமல், அவர் நேற்று வரைந்த படத்தைத் திரையில் போட்டுப் பேசவைக்கலாம். பத்திரிகை மறுத்த படங்களை விழா மலரில் அச்சிடலாம். அம்பேத்கர் கார்ட்டூன்களைப் போன்ற சங்கடமான தொகுப்புகளை மேடையில் விரித்து, வரைந்தவர் பக்கத்தையும் வரையப்பட்டவர் பக்கத்தையும் விவாதிக்கலாம். தமிழில் இன்னும் அடிப்படையான வேலை பாக்கி இருக்கிறது. பாரதியின் படங்களுக்குக் கிடைத்த பதிப்பாளர் மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. திராவிட இயக்க இதழ்கள், இடதுசாரி ஏடுகள், ஈழத்து இதழ்கள் ஆகியவற்றின் கார்ட்டூன்கள் நூலகங்களில் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. தேதியோடும் பின்னணிக் குறிப்போடும் அவற்றைத் தொகுக்க ஆளும் பணமும் வேண்டும். அதை ஓர் இலக்கிய விழாவின் ஒருநாள் செலவில் தொடங்கிவிட முடியும்.

விஜயனைக் கொண்டாடுகிறவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பனைமரக் காற்றின் அழகை மட்டும் அல்ல. ஆட்சி ரசிக்கும் கேலி எது, ஆட்சியால் ரசிக்கவே முடியாத கேலி எது என்று அவர் பிரித்துப் பார்த்தார். இரண்டாவதை எழுதி, அதை வெளியிடும் காலம் வரும்வரை பொறுத்திருந்தார். இலக்கிய மேடை தன்னை நேர்மையானது என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், அந்த இரண்டாவது வகைக்கு அது வெளியாகும் ஆண்டிலேயே இடம் தர வேண்டும்.